கெர்னல் நின்றுபோனால்: திரையில் தெரிவதை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் தம்பி ஃபோன் செய்தான்.

"அக்கா, கரண்ட் போய்ட்டு இப்பதான் வந்துச்சு. கம்ப்யூட்டர் ஸ்கிரீன் பூரா எழுத்தா வந்து அப்படியே நின்னுடுச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடவா?"

"வேண்டாம் தம்பி. ஸ்கிரீனை அப்படியே ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு. நாலு மூலையும் தெரியணும். அப்புறம் ஆஃப் பண்ணிக்கலாம்."

நான் இருப்பது குன்னூரில். அந்தக் கம்ப்யூட்டர் இலை வாட்டும் தொட்டிகளின் ஈரப்பதத்தையும் சூட்டையும் பதிவு செய்கிறது. அதில் லினக்ஸ் ஓடுகிறது. சென்சார் கார்டோடு பேசும் மென்பொருளான டிரைவரை நாங்களே எழுதினோம். ராத்திரி மழையில் கிளம்பிப் போய்ப் பார்க்க வழியில்லை. அந்த ஒரு ஃபோட்டோவில் இருந்துதான் பிழையைப் பிடிக்க வேண்டியிருந்தது, பிடிக்கவும் முடிந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், விழும்போது தான் ஏன் விழுந்தேன் என்பதைக் கிட்டத்தட்ட எப்போதும் சொல்லிவிட்டுத்தான் விழுகிறது. அதைப் படிக்காமல் ரீஸ்டார்ட் செய்வதுதான் நாம் செய்யும் பெரிய நஷ்டம்.

இதே நிலையில் நிற்கும் இன்னொருவருக்காக, என்ன தெரிகிறது என்பதை வைத்து எங்கே தேடுவது என்று எழுதுகிறேன்.

அறிகுறிக்குப் போகும் முன்

எக்ஸெப்ஷன் என்றதும் விபத்து என்று தோன்றும். அப்படி இல்லை. ஒரு கட்டளையை ஓட்டும்போது ப்ராசஸர் அதற்கு மேல் தொடர முடியாமல் கெர்னலிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் பிரவுசரைத் திறக்கும் சில நொடிகளில் ஆயிரக்கணக்கான பேஜ் ஃபால்ட்கள் வந்து போகின்றன. வேண்டிய பக்கம் மெமரியில் இல்லை, ப்ராசஸர் நிற்கிறது, கெர்னல் பக்கத்தைக் கொண்டுவந்து வைக்கிறது, அதே கட்டளை மறுபடி ஓடுகிறது. நிரலுக்கு எதுவுமே தெரியாது.

இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களில் 0 முதல் 31 வரை உள்ள எண்கள் இதற்கென ஒதுக்கப்பட்டவை. 14 பேஜ் ஃபால்ட். 13 ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட். 8 டபுள் ஃபால்ட். 6 செல்லாத கட்டளை. 2 என்எம்ஐ, அதாவது மறுக்க முடியாத இன்டரப்ட் (வன்பொருள் தரும் அழைப்பு). 18 மெஷின் செக். எண் வந்ததும் ப்ராசஸர் 256 இடங்கள் உள்ள ஐடிடி அட்டவணையில் அந்த எண்ணுக்கான இடத்தைப் பார்த்து, அங்கே எழுதியிருக்கும் கெர்னல் கோடுக்குத் தாவுகிறது.

தாவிய பிறகு கெர்னல் முதலில் பார்ப்பது, தவறு எங்கே ஓடும்போது நடந்தது என்பதை. சாதாரண நிரலில் நடந்து, சரிசெய்ய வழியும் இல்லை என்றால், அந்த நிரலுக்கு ஒரு சிக்னல் போகிறது. நாம் பார்க்கும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' அப்படி வருவதுதான். மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. கெர்னலுக்குள்ளேயே நடந்து, அதற்கு முன்கூட்டியே ஒரு மாற்று வழி எழுதி வைக்கப்படவில்லை என்றால்தான் திரை முழுக்க எழுத்து வருகிறது. அதற்கு ஊப்ஸ் என்று பெயர்.

திரை உறைந்து, கடைசி வரியில் 'ஃபேட்டல் எக்ஸெப்ஷன் இன் இன்டரப்ட்' என்று இருக்கிறது

தம்பி அனுப்பிய ஃபோட்டோவில் இருந்தது இதுதான். அதை நான் படித்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் பார்த்தது, ஊப்ஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் இருக்கும் எண். 1 என்றால் இதுதான் முதல் ஊப்ஸ். 2, 3 என்று இருந்தால் முன்னால் ஒன்று நடந்திருக்கிறது, நாம் பார்ப்பது அதன் பின்விளைவாக இருக்கலாம். முதல் ஊப்ஸைத் தவிர மற்றதைப் படித்து நேரத்தைச் செலவிடாதீர்கள். ஃபோட்டோவில் 1 இருந்தது. நல்லது.

அடுத்தது முகவரி. 'நல் பாயின்டர்' என்ற வரியில் ஒரு பதினாறு இலக்க எண், முன்னால் எல்லாம் பூஜ்யமாக வந்து, முடிவில் 18 என்று இருந்தது. இது பதினாறடிமான எண், நம் கணக்கில் 24. இந்தச் சிறிய எண்தான் சாவி. வெறுமையான சுட்டியை (பாயின்டரை, அதாவது மெமரி முகவரி ஒன்றை வைத்திருப்பதை) நேரடியாகத் தொட்டிருந்தால் முகவரி 0 ஆக இருந்திருக்கும். 24 என்றால், ஓர் அமைப்பின் தொடக்கம் 0 என்று நினைத்துக்கொண்டு அதன் 24ஆவது பைட்டில் இருக்கும் உறுப்பைத் தொட்டிருக்கிறது. எட்டு எட்டு பைட்டாக எண்ணினால் 0, 8, 16, 24. நான்காவது உறுப்பு. எங்கள் டிரைவரில் நான்காவது உறுப்பாக இருந்தது, அளவுகளைத் தற்காலிகமாக வைக்கும் பஃபரின் 'அடுத்து எழுத வேண்டிய இடம்'.

மூன்றாவது பிழைக் குறியீடு. 0002 என்று இருந்தது. இதைப் படிப்பது எளிது. 1 சேர்ந்திருந்தால் பக்கம் இருக்கிறது, ஆனால் அனுமதி இல்லை. சேராவிட்டால் பக்கமே இல்லை. 2 சேர்ந்திருந்தால் எழுதப் போனது, சேராவிட்டால் படிக்கப் போனது. 4 சேர்ந்திருந்தால் சாதாரண நிரலில் நடந்தது, சேராவிட்டால் கெர்னலில். 0010 என்று வந்தால், தரவைத் தொடவில்லை, கட்டளையையே இல்லாத இடத்திலிருந்து எடுக்கப் போயிருக்கிறது. அப்படி வந்தால் பெரும்பாலும் ஒரு ஃபங்ஷன் பாயின்டர் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். நம் 0002, கெர்னலுக்குள் இல்லாத பக்கத்தில் எழுதப் போனது.

நான்காவது ஆர்ஐபி வரி, அதாவது விழுந்த கட்டளை இருக்கும் இடம். அதில் ஃபங்ஷனின் பெயர், ஒரு கூட்டல் குறி, ஓர் எண், சாய்கோடு, இன்னோர் எண் என்று இருக்கும். முதல் எண் ஃபங்ஷன் தொடங்கி எத்தனை பைட் தள்ளி விழுந்தது என்பது. இரண்டாவது அந்த ஃபங்ஷனின் மொத்த நீளம். பெயர் எங்கள் டிரைவரின் இன்டரப்ட் ஹேண்ட்லர், கார்டு அழைத்ததும் ஓடும் ஃபங்ஷன். டிபக் தகவலோடு கட்டிய கெர்னலோ மாட்யூலோ (கெர்னலில் தனியாக ஏற்றும் துண்டு) கையில் இருந்தால், கெர்னல் மூலத்தின் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் உள்ள எஃப்அட்ரஸ்-டூ-லைன் என்ற கருவிக்கு இந்த மூன்றையும் கொடுங்கள், கோடின் வரி எண்ணையே சொல்லிவிடும். கோப்புறையில் டிகோட்-ஸ்டாக்ட்ரேஸ் என்று இன்னொன்று உண்டு. அது முழு கால் ட்ரேஸையும், அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலையும், வரி எண்களாக மாற்றித் தரும். ட்ரேஸில் கேள்விக்குறி போட்ட பெயர்களை நம்ப வேண்டாம். அவை அடுக்கில் (ஸ்டாக்கில்) கிடந்த பழைய மிச்சங்களாக இருக்கலாம்.

சரி, ஹேண்ட்லரில் பஃபர் ஏன் காலி? வாரக்கணக்கில் ஓடுகிற டிரைவர் அது. எத்தனையோ முறை ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. விழுவது கரண்ட் போய் வந்தால் மட்டும்தான்.

இங்கேதான் மலையின் பங்கு வருகிறது. கரண்ட் அடிக்கடி போகும் என்பதால் சென்சார் கார்டுக்குத் தனி பேட்டரி வைத்திருந்தோம். கம்ப்யூட்டர் அணைந்தாலும் கார்டு அளந்துகொண்டே இருக்கும். முறையாக ரீஸ்டார்ட் செய்தால், டிரைவர் வெளியேறும்போது கார்டிடம் சத்தம் போடாதே என்று சொல்லிவிட்டுப் போகும். கரண்ட் போனால் அதைச் சொல்ல யாரும் இல்லை. கார்டின் உள் நினைவு நிரம்பி, அது இன்டரப்ட் கம்பியை அழுத்திப் பிடித்தபடி காத்திருக்கும். கம்ப்யூட்டர் மறுபடி எழுந்து டிரைவர் ஏறுகிறது. எங்கள் கோடில் முதலில் இன்டரப்டைப் பதிவு செய்துவிட்டு, அடுத்த சில வரிகளில்தான் பஃபருக்கு இடம் ஒதுக்கினோம். பதிவு செய்த அந்தக் கணமே, ஏற்கெனவே அழுத்தியிருந்த கம்பியால் ஹேண்ட்லர் ஓடியது. பஃபர் இன்னும் பிறக்கவே இல்லை.

சாதாரண ஊப்ஸில் தவறு செய்த பிராசஸை மட்டும் கொன்றுவிட்டுக் கெர்னல் தொடரப் பார்க்கும். இன்டரப்டுக்குள் நடந்தால் கொல்ல ஒரு பிராசஸ் கிடையாது. அந்த நேரத்தில் தற்செயலாக ஓடிக்கொண்டிருந்த பிராசஸ் இதற்குப் பொறுப்பில்லை. ஆகவே நேராக பேனிக், அதாவது கெர்னல் மெஷினையே நிறுத்திவிடுகிறது. கடைசி வரி சொன்னது அதைத்தான்.

திருத்தம் வரிசையை மாற்றுவதுதான். முதலில் பஃபர், லாக் (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டு) எல்லாம் தயார். பிறகு கார்டின் இன்டரப்டை வன்பொருளிலேயே அணைத்து, பழைய மிச்சத்தைத் துடைப்பது. அதற்கும் பிறகு இன்டரப்ட் பதிவு. கடைசியாகக் கார்டுக்கு அனுமதி. வெளியேறும்போது இதே வரிசை தலைகீழ். டிரைவர் எழுதும் எல்லோருக்கும் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இன்டரப்டைப் பதிவு செய்யும் வரிக்கு அடுத்த வரி ஓடும் முன்பே ஹேண்ட்லர் ஓடக்கூடும் என்று வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

பேனிக்தான், ஆனால் வேறு வாசகம்

'நாட் சிங்க்கிங்' என்ற சொற்களுக்குப் பின்னால் வருவதைப் பாருங்கள். அதற்கு முன்னால் உள்ளது எல்லா பேனிக்கிலும் ஒன்றே.

'அட்டெம்ப்டெட் டு கில் இனிட்' என்றால், பூட்டில் கெர்னல் முதலில் தொடங்கும் இனிட் என்ற பிராசஸே செத்துவிட்டது. பக்கத்தில் எக்ஸிட்கோட் என்று ஓர் எண் இருக்கும். கடைசியில் பி என்று முடிந்தால் அது 11, அதாவது இனிட் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் விழுந்திருக்கிறது. லைப்ரரி அப்டேட் பாதியில் நின்றதா, ராம் கெட்டதா என்று பாருங்கள். 7 என்று முடிந்தால் அது பஸ் எரர். இனிட்டின் பக்கம் ஒன்றை டிஸ்கிலிருந்து கொண்டுவரப் போய்ப் படிக்க முடியவில்லை. நான் இந்த 7ஐப் பார்த்தால் முதலில் எஸ்டி கார்டைத்தான் மாற்றுவேன். 100 என்று முடிந்தால் இனிட் தானாகவே 1 என்ற மதிப்போடு வெளியேறியது. அங்கே எக்ஸெப்ஷனே இல்லை.

ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை என்ற பேனிக்கும் எக்ஸெப்ஷன் அல்ல. பூட்டின் தொடக்கத்தில் வேண்டிய டிரைவர்களை வைத்திருக்கும் இனிட்ராம்எஃப்எஸ் விடுபட்டிருக்கும், அல்லது டிஸ்க் டிரைவர் ஏறியிருக்காது. பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து பூட் செய்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்குங்கள்.

'கெர்னல் பக் அட்' என்று ஃபைல் பெயரும் வரி எண்ணும் வருகிறது, கீழே 'இன்வேலிட் ஆப்கோட்'

ப்ராசஸர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கெர்னல் எழுதியவரே 'இந்த நிலை வரவே கூடாது' என்று நினைத்த இடத்தில் ஒரு செல்லாத கட்டளையை வேண்டுமென்றே வைத்திருக்கிறார். அதைத் தொட்டதும் 6ஆம் எண் எழுகிறது. வரி எண்ணைத் திறந்து அங்கே என்ன நிபந்தனை என்று படியுங்கள். வேலை பாதி முடிந்தது.

ஒரு நிரல் மட்டும் 'கில்ட்' என்று செத்தது, மெஷின் ஓடுகிறது

கெர்னல் பதிவைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், ஊப்ஸ் இருக்கும். படிக்கும் முறை மேலே சொன்னதுதான். கூடவே 'டெயின்டெட்' என்ற சொல்லுக்குப் பின் வரும் எழுத்துகளையும் பாருங்கள். ஓ இருந்தால் கெர்னல் மூலத்துக்கு வெளியே இருந்து வந்த மாட்யூல் ஏறியிருக்கிறது. பி இருந்தால் மூடிய உரிமம் உள்ள மாட்யூல். டபிள்யூ என்றால் இதற்கு முன் ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது, அதைத் தேடிப் படிக்க வேண்டும். டி என்றால் முன்பே ஓர் ஊப்ஸ். எம் என்றால் மெஷின் செக், அப்போது நேரே கடைசிக்கு முந்தைய பகுதிக்குப் போங்கள்.

மெஷின் ஓடுகிறதே என்று விட்டுவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. செத்த பிராசஸ் ஒரு லாக்கைப் பிடித்தபடி செத்திருக்கலாம். அதே லாக்குக்காக அடுத்தவர் வந்து நிற்பார், அவர் பின்னால் இன்னொருவர். அரை மணி கழித்து மெஷின் காரணமே தெரியாமல் உறையும். ஃபைல் சிஸ்டத்துக்குள் நடந்த ஊப்ஸ் என்றால் எழுதப்பட்ட தரவையே நம்ப முடியாது. பதிவை எடுத்து வைத்துவிட்டு முறையாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆளில்லாத இடத்தில் இருக்கும் மெஷின்களில் நான் பேனிக்-ஆன்-ஊப்ஸை 1 ஆகவும், கெர்னல் பேனிக் என்ற அமைப்பை 10 ஆகவும் வைக்கிறேன். ஊப்ஸ் வந்ததும் பேனிக், பத்து நொடியில் தானே ரீபூட். ஆனால் பதிவை வேறெங்காவது காப்பாற்ற ஏற்பாடு செய்யாமல் இதைச் செய்தால் பத்து நொடியில் சாட்சி அழிந்துவிடும். அந்த ஏற்பாட்டைக் கீழே சொல்கிறேன்.

நிரல் 'பேட் அட்ரஸ்' என்கிறது, டிமெசேஜில் எதுவும் இல்லை

பிழை எண் 14, ஈஃபால்ட். இங்கே எக்ஸெப்ஷன் நடந்தது, கெர்னல் அதைச் சரியாகவே கையாண்டும்விட்டது. கெர்னலின் மிக அழகான பகுதிகளில் ஒன்று இது என்பதால் கொஞ்சம் நிற்கிறேன்.

ஒரு நிரல் ரீட் அழைப்பில் ஒரு முகவரியைக் கொடுத்து 'இங்கே தரவைப் போடு' என்கிறது. அந்த முகவரி சரியானதுதானா என்று கெர்னலுக்கு எப்படித் தெரியும்? பழைய லினக்ஸில் ஒவ்வொரு முறையும் அந்த நிரலின் மெமரி வரைபடத்தைத் தேடிப் பார்த்துத்தான் எழுதினார்கள். கிட்டத்தட்ட எல்லா முகவரியும் சரியாகவே இருக்கும்போது, எப்போதோ வரும் ஒரு தவறுக்காக எல்லோரையும் வாசலில் நிறுத்தி விசாரிப்பது அது. 2.1 வரிசையில் இதை மாற்றினார்கள். முகவரி நிரலின் எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் ஒரு சின்ன ஒப்பீடு, பிறகு நேராக எழுதிவிடு. தவறென்றால் ப்ராசஸரே பேஜ் ஃபால்ட் எழுப்பிச் சொல்லட்டும்.

அப்படி எழுப்பினால் ஊப்ஸ் ஆகிவிடாதா? அதற்குத்தான் எக்ஸெப்ஷன் டேபிள். நிரலின் மெமரியைத் தொடும் ஒவ்வொரு கெர்னல் கட்டளைக்கும் அந்த அட்டவணையில் ஒரு வரி உண்டு. 'இந்த முகவரியில் உள்ள கட்டளை விழுந்தால், அந்த முகவரிக்குப் போ.' பேஜ் ஃபால்ட் ஹேண்ட்லர் வேறு வழியெல்லாம் தீர்ந்த பிறகு, விழுந்த கட்டளையின் முகவரியை இதில் தேடுகிறது. வரிசைப்படுத்தி வைத்திருப்பதால் பாதி பாதியாகப் பிரித்துச் சீக்கிரம் தேடிவிடலாம். கிடைத்தால், திரும்பிப் போக வேண்டிய முகவரியை மாற்று வழிக்கு மாற்றி வைத்துவிட்டு அமைதியாகத் திரும்புகிறது. அந்த மாற்று வழி நிரலுக்கு ஈஃபால்ட்டைக் கொடுக்கிறது. எல்லாம் சரியாகப் போகும் வழக்கமான பாதையில் இந்த அட்டவணையைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

ஆக, 'பேட் அட்ரஸ்' வந்தால் கெர்னலைத் தோண்டாதீர்கள். எஸ்ட்ரேஸ் கருவியை வைத்து எந்த அழைப்பில் வருகிறது என்று பாருங்கள். நிரல் விடுவித்துவிட்ட இடத்தையோ, தொடங்கி வைக்காத சுட்டியையோ கொடுத்திருக்கும்.

பழைய கம்ப்யூட்டரில் ஓடிய டிரைவர் புதியதில் ஊப்ஸ் ஆகிறது, பிழைக் குறியீடு 0001 அல்லது 0003

மேலே சொன்னதன் மறுபக்கம். முகவரியைப் பார்த்தால் சாதாரண நிரலின் முகவரி போலவே இருக்கும். குறியீட்டில் 1 சேர்ந்திருப்பதால் பக்கம் இருக்கிறது, அனுமதிதான் இல்லை. டிரைவர் எழுதியவர் காப்பி-ஃப்ரம்-யூசர், காப்பி-டு-யூசர் என்ற முறையான வழியை விட்டுவிட்டு, நிரல் கொடுத்த சுட்டியை நேரடியாகத் தொட்டிருக்கிறார். பழைய ப்ராசஸர் அதைப் பொறுத்துக்கொண்டது. இன்டெலின் பிராட்வெல் தலைமுறையிலிருந்து எஸ்எம்ஏபி என்ற பாதுகாப்பு வந்தது. கெர்னலில் இருந்துகொண்டு நிரலின் மெமரியைத் தொட வேண்டுமென்றால் அதற்கான கதவை முறைப்படி திறந்துதான் தொட வேண்டும். லினக்ஸ் 2012இல் வந்த 3.7 பதிப்பிலேயே இதற்குத் தயாராகிவிட்டது.

எஸ்எம்ஏபியை அணைக்க ஒரு பூட் விருப்பம் இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள். டிரைவரில் இருப்பது உண்மையான பாதுகாப்பு ஓட்டை. அதைத் திருத்துவது பெரும்பாலும் பத்து வரி வேலை.

யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கினால், கொஞ்சம் கழித்து ஜெனரல் புரொடெக்ஷன் ஃபால்ட்

13ஆம் எண். 64 பிட்டில் எல்லா எண்ணும் செல்லும் முகவரி ஆகாது. 48 பிட் முகவரி உள்ள மெஷினில் மேலே மிஞ்சும் பிட்கள் எல்லாம் 47ஆவது பிட்டைப் போலவே இருக்க வேண்டும். இல்லையென்றால் பேஜ் ஃபால்ட்டுக்குப் பதிலாக இது வரும். அப்போது, பேஜ் ஃபால்ட் ஆன முகவரியை வைக்கும் சிஆர்2 ரெஜிஸ்டரில் முகவரி பதிவாகாது. மற்ற ரெஜிஸ்டர்களில்தான் தேட வேண்டும்.

தேடும்போது 6பி6பி6பி6பி என்று ஒரே ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் விடை கிடைத்தது. டிபக் அமைப்பு இயங்கும்போது, விடுவித்த மெமரியில் கெர்னல் இந்த 6பி பைட்டை நிரப்பி வைக்கும். அதைச் சுட்டியாக எடுத்துக்கொண்டது என்றால், விடுவித்த பொருளை யாரோ இன்னும் பயன்படுத்துகிறார்கள். டிஇஏடி என்ற எழுத்துகளோடு தொடங்கி 100 அல்லது 122 என்று முடிந்தால், பட்டியலிலிருந்து ஏற்கெனவே நீக்கிய ஒன்றை மறுபடி தொட்டிருக்கிறார்கள்.

கேபிளைப் பிடுங்கும்போது வருவதற்குப் பெரும்பாலும் காரணம் டைமர். டிரைவர் தன் பொருளை விடுவித்துவிட்டது, அந்தப் பொருளைத் தொடும் டைமர் இன்னும் நிற்கவில்லை. டைமரை நிறுத்துவது மட்டும் போதாது. வேறொரு ப்ராசஸரில் அது இப்போதே ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருக்கும் 'சிங்க்' வடிவத்தைப் பயன்படுத்த வேண்டும்.

6பி தெரியவில்லை, ஆனால் சந்தேகம் இருக்கிறது என்றால் பூட் விருப்பத்தில் ஸ்லப்-டிபக்கை இயக்குங்கள். இன்னும் தெளிவாக வேண்டுமானால் கேசான் என்ற மெமரிப் பிழை காட்டும் கருவியைச் சேர்த்துக் கெர்னலைக் கட்டுங்கள். 2015இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து அது இருக்கிறது. யார் ஒதுக்கினார், யார் விடுவித்தார், யார் தொட்டார் என்ற மூன்றையும் தனித்தனி ட்ரேஸாகத் தரும். அதன் சாதாரண வடிவம் மெமரியில் எட்டில் ஒரு பங்கை நிழல் மெமரியாக எடுத்துக்கொள்ளும், வேகமும் குறையும். ஆகவே ஃபேக்டரி மெஷினில் வேண்டாம், மேஜைமேல் இருக்கும் மெஷினில் ஓட்டுங்கள்.

ராஸ்பெர்ரி பையில் 96 என்று தொடங்கும் எண்

ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கம்ப்யூட்டர்களில் உள்ள ஆர்ம் 64 ப்ராசஸரில் குறியீடு வேறு. எட்டு இலக்கத்தில் 96 என்று தொடங்கினால் கெர்னல் தரவைத் தொடும்போது விழுந்தது. 86 என்று தொடங்கினால் கட்டளையை எடுக்கும்போது. கடைசிக்கு முந்தைய இலக்கம் 4 என்றால் எழுதப் போனது, 0 என்றால் படிக்கப் போனது. கடைசி இலக்கம் 4 முதல் 7 வரை என்றால் பக்க அட்டவணையில் 0 முதல் 3 வரை எந்த நிலையில் வழி அறுந்தது என்பதைச் சொல்லும். 96000044 என்றால், கெர்னல் எழுதப் போனது, முதல் படியிலேயே வழி இல்லை. மற்றதெல்லாம் மேலே சொன்னபடிதான்.

ஒரு வார்த்தையும் சொல்லாமல் ரீபூட் ஆகிறது

எனக்கு மிகவும் கவலை தரும் அறிகுறி இது. பதிவில் எதுவும் இருக்காது.

ஒரு எக்ஸெப்ஷனைக் கையாளப் போகும்போது இன்னொன்று வந்தால் டபுள் ஃபால்ட். அதையும் கையாள முடியாமல் மூன்றாவது வந்தால் ப்ராசஸர் கைவிட்டுவிடும், போர்டு ரீசெட் ஆகிவிடும். வழக்கமான காரணம் கெர்னல் அடுக்கு நிரம்புவது. 64 பிட் எக்ஸ்86இல் ஒரு பிராசஸுக்குக் கெர்னல் அடுக்கு 16 கேபி மட்டுமே. 2014இல் வந்த 3.15க்கு முன்பு 8 கேபிதான். சாதாரண நிரலில் எழுதும் பழக்கத்தில் ஃபங்ஷனுக்குள் ஒரு பெரிய அரேயை அறிவித்துவிட்டால் அங்கேயே தீர்ந்தது. 2016இல் வந்த 4.9 பதிப்பிலிருந்து அடுக்கின் கீழே ஒரு காவல் பக்கம் வைக்க வழி இருக்கிறது. அடுக்கு வழிந்தால் அந்தப் பக்கத்தில் முட்டி டபுள் ஃபால்ட் வரும். அதற்கான ஹேண்ட்லர் தனக்கென வேறு அடுக்கில் ஓடுவதால் 'ஸ்டாக் கார்டு பேஜ்' என்ற செய்தியாவது அச்சாகும். பழைய கெர்னலில் மௌனமாகச் சாகும் மெஷினைப் புதிய கெர்னலில் ஓட்டிப் பார்ப்பதே நல்ல சோதனை.

எல்லா மௌனமும் கெர்னலின் குற்றம் அல்ல. மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பும்போது மின்னழுத்தம் சரியும். பவர் சப்ளையை மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு கோடைத் திறங்கள். ராஸ்பெர்ரி பை என்றால் 'அண்டர்வோல்டேஜ்' செய்தி டிமெசேஜில் இருக்கிறதா பாருங்கள்.

பதிவைக் காப்பாற்றும் ஏற்பாடுகள் இவை. யூஇஎஃப்ஐ உள்ள மெஷினில் பிஸ்டோர் சாகும் நேரத்துக் கடைசிப் பதிவை ஃபர்ம்வேரின் நினைவில் போட்டு வைக்கும். அடுத்த பூட்டில் சிஸ் கோப்புறைக்குள் எஃப்எஸ், அதற்குள் பிஸ்டோர் என்று பாருங்கள். சிஸ்டம்டி அதை வார் கோப்புறைப் பக்கம் நகர்த்தியும் வைத்திருக்கலாம். இரண்டாவது நெட்கன்சோல். கெர்னல் தன் செய்திகளை யூடிபியில், வேறு சொல்லாவிட்டால் 6666ஆம் போர்ட்டுக்கு, பக்கத்து மெஷினுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பழைய லேப்டாப் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தால் போதும். மூன்றாவது கேடம்ப். பேனிக் ஆனதும் முன்பே ஒதுக்கி வைத்த மெமரியில் இன்னொரு சிறிய கெர்னல் எழுந்து, செத்த கெர்னலின் மெமரியை அப்படியே டிஸ்கில் எழுதும். பிறகு கிராஷ் என்ற கருவியில் திறந்து நிதானமாகப் பார்க்கலாம். சாதாரண ரீபூட் என்றால் ஜர்னல்சிடிஎல் கட்டளைக்குக் கே விருப்பத்தையும், பி விருப்பத்தோடு -1ஐயும் கொடுத்தால் போன பூட்டின் கெர்னல் பதிவு வரும், ஜர்னலை டிஸ்கில் வைக்கும்படி அமைத்திருந்தால். மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் நெட்கன்சோலைத் தேர்ந்தெடுப்பேன். ஒரு கேபிளும் ஒரு பழைய மெஷினும் இருந்தால் ஒரு மாலையில் முடிகிற வேலை.

உறைந்துவிட்டது, ஊப்ஸ் இல்லை

இங்கே எக்ஸெப்ஷன் வரவில்லை என்பதுதான் பிரச்சினை. ஆகவே கெர்னல் தானே ஒன்றை வரவழைக்கிறது. ஒரு ப்ராசஸர் 20 நொடிக்கு மேல் வேறு யாருக்கும் வழிவிடாவிட்டால் 'சாஃப்ட் லாக்கப்'. இன்டரப்டைக்கூட 10 நொடியாக ஏற்கவில்லை என்றால் 'ஹார்ட் லாக்கப்'. இரண்டாவதைக் கண்டுபிடிப்பது என்எம்ஐ. இன்டரப்டை அணைத்து வைத்திருந்தாலும் ப்ராசஸர் அதை மறுக்க முடியாது. 120 நொடி அசையாமல் கிடக்கும் பிராசஸுக்கு 'ஹங் டாஸ்க்' என்று தனிச் செய்தி வரும்.

ஹார்ட் லாக்கப்பில் ட்ரேஸைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு ஸ்பின் லாக்கில், அதாவது கிடைக்கும்வரை தூங்காமல் காத்திருக்க வைக்கும் லாக்கில், சுற்றிக்கொண்டிருக்கும். பிராசஸ் பக்கம் லாக்கை எடுத்திருக்கிறது, அதே ப்ராசஸரில் இன்டரப்ட் வந்து அதே லாக்குக்காகச் சுற்றுகிறது. இன்டரப்ட் முடியாமல் பிராசஸ் தொடராது, பிராசஸ் தொடராமல் லாக் விடுபடாது. இன்டரப்ட் ஹேண்ட்லரோடு பகிரும் லாக்கைப் பிராசஸ் பக்கம் 'ஐஆர்க்யூசேவ்' வடிவத்தில்தான் எடுக்க வேண்டும். லாக்குகளின் பயன்பாட்டைச் சரிபார்க்கும் லாக்டெப்பை இயக்கி ஒரு நாள் ஓட்டினால், உறையும் முன்பே அது சொல்லிவிடும்.

'ஹார்டுவேர் எரர்' என்று முன்னால் போட்டு வரும் வரிகள்

இது 18ஆம் எண்ணின் குடும்பம். ப்ராசஸர் தானே தன் உள்ளே கண்ட கோளாறைச் சொல்கிறது. திருத்த முடிந்த கோளாறுகளுக்கு எக்ஸெப்ஷன் எழாது, பதிவு மட்டும் வரும். ராஸ்டீமனை ஓட்டி வைத்தால் எந்த ராம் துண்டில் எத்தனை என்று கணக்கு வைக்கும். திருத்த முடியாதது வந்தால்தான் எக்ஸெப்ஷன், பெரும்பாலும் பேனிக்.

மலையில் முதல் சந்தேகம் ஈரம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில் மூடுபனிதான். ராத்திரி அணைத்துக் குளிர்ந்து கிடக்கும் கம்ப்யூட்டர்மேல், காலையில் வாட்டும் கூடத்தின் சூடான ஈரக் காற்று பட்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ராமின் தங்க முனைகள் மங்கிவிடும். கழற்றி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். அப்புறம் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை ஒரு ராத்திரி முழுக்க ஓட்டுங்கள். ஒரு சுற்று போதாது. இந்த மெஷின்களை மழைக்காலத்தில் அணைக்காமலே வைப்பது நல்லது, உள்ளே இருக்கும் சூடே ஈரத்தை அண்டவிடாது.

காஸ்மிக் கதிரால் பிட் புரண்டிருக்குமோ என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஊட்டியில் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடமே நடக்கிறது. மெமரியைப் புரட்டக்கூடிய நியூட்ரான்கள் கடல் மட்டத்தைவிட இந்த உயரத்தில் சில மடங்கு அதிகம். ஆனால் கதிரடி ஒரே இடத்தைத் தேடி வராது. ஒரே முகவரியோ ஒரே துண்டோ மறுபடி மறுபடி வந்தால் அது கெட்ட ராம்தான், மாற்றுங்கள். ஒரே ஒருமுறை, எங்கோ ஓர் இடத்தில் வந்து பிறகு மாதக்கணக்கில் வராவிட்டால் குறித்து வைத்துக்கொண்டு விட்டுவிடலாம். முக்கியமான மெஷினுக்கு, பிட் பிழையைத் தானே திருத்தும் இசிசி ராம் போடுவதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

திருத்திய பிறகு

பதிவு ஏற்பாடு வேலை செய்கிறதா என்று நிஜ விபத்துக்குக் காத்திருக்காதீர்கள். டிஸ்கில் எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டு, ப்ராக் கோப்புறையில் உள்ள சிஸ்ஆர்க்யூ-ட்ரிக்கர் என்ற ஃபைலில் சி என்ற ஒரே எழுத்தை ரூட்டாக எழுதுங்கள். கெர்னல் அங்கேயே விழும். கேடம்ப் எழுந்ததா, பக்கத்து மெஷினுக்குச் செய்தி வந்ததா என்று பார்த்துவிடலாம். விதவிதமாக விழவைக்க எல்கேடிடிஎம் என்று ஒரு சோதனை மாட்யூலும் கெர்னலிலேயே இருக்கிறது.

எங்கள் டிரைவருக்கு வேறு சோதனை தேவைப்பட்டது. மழை விட்ட ஒரு நாள் கோத்தகிரிக்குப் போனேன். முதலில் பழைய மாட்யூல், பிறகு புதியது என்று இரண்டையும் சோதித்தோம். கார்டின் பேட்டரி ஓடிக்கொண்டிருக்க, கம்ப்யூட்டரின் பிளக்கை மட்டும் தம்பி பிடுங்கினான். கார்டின் நினைவு நிரம்பி, இன்டரப்ட் விளக்கு சிவப்பாக நிற்கும்வரை காத்திருந்தோம். பிறகு பிளக்கைச் செருகினான். பழைய மாட்யூலோடு முதல் முறையே விழுந்தது. அதே முகவரி, அதே 18. புதியதோடு இருபது முறை பிடுங்கிச் செருகினோம். ஒவ்வொரு முறையும் மாட்யூல் ஏறியதும் சிவப்பு விளக்கு அணைந்து, கார்டு பிடித்து வைத்திருந்த அளவுகள் எல்லாம் வரிசையாகத் திரையில் இறங்கின.

"அக்கா, இனி கரண்ட் போனா ஃபோன் பண்ண வேண்டாமா?"

"கரண்ட் போனதுக்கு வேண்டாம். ஸ்கிரீன்ல எழுத்து வந்தா, ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ஃபோட்டோ எடுத்துட்டுப் பண்ணு."